அக்கா கல்யாணத்தன்று எனக்கு பீம் டைம்

கூடப்பிறந்த அக்காவின் கல்யாணத்துக்கு வராத தங்கச்சி என்று ஆம்பூரில் எங்கள் தெருவில் ஒருத்தியைச் சொல்வார்கள். அது நான்தான். ஏன் வரவில்லை என்பதற்குப் பல கதைகள் உலவின. மாப்பிள்ளையை முதலில் எனக்குத்தான் பேசினார்கள், அப்புறம் மாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. நான் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டேன் என்பது இன்னொன்று. (யாரோடு என்று யாரோ கேட்டதற்கு, "எவனோ வெள்ளைக்காரனாம்" என்று பதில் வந்ததாம். அந்த வெள்ளைக்காரர் பின்னால் வருவார். ஐம்பது வயது, மூன்று பிள்ளைகள்.) இந்தக் கதைகளில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. உண்மைக் காரணம் இவை எல்லாவற்றையும்விடக் கேவலமானது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஸ்டெல்லா அக்கா வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. வீட்டில் மற்ற மூன்று பேரின் வேலையும் தெருவில் எல்லோருக்கும் புரியும். என் வேலை மட்டும் யாருக்கும் புரியாது. அதனாலேயே நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஷூ தைக்கிற தோலின் மேல் பளபளப்பாக ஒரு பூச்சு அடிப்பார்கள். நம் ஊர் வெயிலில் அது அருமையாக இருக்கும். அதே தோல் குளிர் நாட்டில் போய் இறங்கியதும், ஷூ மடிகிற இடத்தில் பூச்சு விரிசல் விட்டுவிடும். வாங்கினவன் திருப்பி அனுப்பிவிடுவான். அப்படித் திரும்பி வந்த நாட்களில் அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே தெரியும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இன்னிக்கும் ரிட்டர்ன் வந்துகீது. ஒரே பேஜாரு" என்பார்.

அந்த விரிசல் ஏன் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. பூச்சுக்குள் மூலக்கூறுகள் சந்தைக் கூட்டம்போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். குளிர்ந்தால் அவை வரிசை கட்டி விறைத்துக்கொள்கின்றனவா? அதைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். வரிசையாக அடுக்கப்பட்ட எதன்மேல் எக்ஸ்ரே பட்டாலும் சில குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் பளிச்சென்று சிதறும். வரைபடத்தில் ஊசிமுனைபோல முகடுகள் எழும். ஒழுங்கு இல்லாவிட்டால் ஒட்டகத்தின் முதுகு மாதிரி மொழுக்கென்று ஒரு மேடுதான். எங்கள் பூச்சோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் மேற்பரப்பை மட்டும் பார்க்க வேண்டுமானால், குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்த விடுவதுபோல, கதிரைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் விட வேண்டும். அதற்குக் கல்லூரியில் இருந்த கிழட்டுக் கருவியின் கதிர் போதாது. சிங்க்ரோட்ரான் வேண்டும்.

"அது இன்னாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"எலக்ட்ரானைப் பெரிய வளையத்துக்குள்ள பயங்கர வேகத்துல ஓட விடுவாங்கப்பா. அது ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் எக்ஸ்ரே பீறிட்டு வரும்."

"மழையில சைக்கிள் ஓட்டுனா சக்கரத்துலேர்ந்து சேறு தெறிக்குமே, அந்த மாதிரி."

பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு நன்றாக எழுதவில்லை. ஆனால் நான், "அது வேறப்பா, இது வேற" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் தலைக்கனம் அந்த அளவுக்கு இருந்தது.

ஜெர்மனியில் ஒரு சிங்க்ரோட்ரானுக்கு என் கைடு விண்ணப்பித்திருந்தார். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் அந்தக் கதிருக்காகக் காத்திருப்பார்கள். ஆளுக்கு இத்தனை நாள் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பீம் டைம். நம் முறையைத் தவறவிட்டால் போனதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஜனவரியில் மூன்று நாள். அதில் நடு நாள் ஸ்டெல்லா அக்காவின் கல்யாணம்.

முதலில் ஒரு பிரச்சினையும் இல்லை. கைடு போவதாக இருந்தது. பேருக்குத்தான் எனக்கும் விசா வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். பார்க்கப் போனேன். கண், நகம் எல்லாம் மஞ்சள். கீழாநெல்லி டம்ளரை மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்: "விட்டுடுவோம்மா. அடுத்த வருஷம் பார்ப்போம். வீட்ல கல்யாணம் வெச்சிக்கிட்டு நீ எப்படிப் போவ?"

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். "நான் போறேன் சார்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவருக்கு லீவு கிடைத்ததே ஜனவரியில்தான், அதனால் கல்யாணத் தேதியை அசைக்க முடியாது. பீம் டைமையும் அசைக்க முடியாது. நடுவில் அசையக்கூடியவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாடி" என்றாள். "சர்ச்சுல ஒரு மணி நேரம். அதுக்கு இன்னா? ஆல்பத்துல உன் போட்டோவ ஒட்டிக்கலாம்."

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான். போ."

ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துவிட்டு, அக்கா எவ்வளவு பெருந்தன்மையானவள் என்று நினைத்துக்கொண்டேன். (மூலக்கூறு எப்படி நிற்கிறது என்று அளக்கப் போகிறவளின் லட்சணம் இது.)

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். மாலை சர்ச் முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் கேக் வெட்டுவார்கள். அதற்கு முன் நான் போன் பண்ண வேண்டும். மாப்பிள்ளையின் தம்பியிடம் செல்போன் இருந்தது. "உன் குரலைக் கேட்டுட்டுத்தான் கத்தியைக் கையில எடுப்பேன்" என்றாள். எங்களுக்கு மாலை என்றால் அங்கே மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். அது ஒரு பெரிய விஷயமா என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் என் பெட்டியில் சாமான் வைப்பதை நிறுத்தவில்லை. இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கம்பளி, ஒரு பெரிய பாட்டில் தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒரு வார்த்தையும் இல்லாமல் உள்ளே போயின. தோல் கரடுமுரடாக இருப்பதால், கண்ணாடிபோல வழவழப்பான சிலிக்கான் சில்லுகளில்தான் பூச்சு அடித்து வைத்திருந்தேன்; அந்த டப்பாவை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டேன். புறப்படுவதற்கு முன் கைடு போனில், "அங்க போனதும் பூச்சு இல்லாத வெறும் சில்லை முதல்ல அளந்துடு. மறந்துடாத" என்றார். "சரி சார்" என்றேன். (அந்த மாதத்தில் நான் பண்ணிய இரண்டாவது சத்தியம்.)

ஜெர்மனியில் எங்கு பார்த்தாலும் பனி. அந்தக் காற்றில் என் முடி துடைப்பம்போல விறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்போது இடுப்பு வரை பின்னல். அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலை, கல்லாய் உறைந்து கிடக்கும் எண்ணெய்ப் பாட்டிலை ரூம் ஹீட்டர்மேல் வைப்பது. பல் விளக்கி வருவதற்குள் உருகிவிடும். வழிய வழியத் தேய்த்துப் பின்னிக்கொண்டு கிளம்புவேன். (இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.)

சிங்க்ரோட்ரானில் என்னைக் கவனித்துக்கொண்டவர் மார்ட்டின். எங்கள் தெரு என்னோடு சேர்த்து ஓடவிட்ட வெள்ளைக்காரர் இவர்தான். சாந்தமான மனிதர். முதல் நாள் அவரே கையுறை போட்டு, இடுக்கியால் சில்லை எடுத்து, மேடையில் பொருத்தி, எப்படிச் செய்வது என்று காட்டினார். ஈயக் கதவு போட்ட சின்ன அறைக்குள் சில்லு இருக்கும். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து, கதவைப் பூட்டி, வெளியே வந்த பிறகுதான் கதிரைத் திறப்பார்கள். அன்று முழுக்க நான்கு சில்லுகளை அளந்தோம். சூடாக்கினோம், குளிர வைத்தோம். நான்கிலும் ஒட்டக முதுகு. அன்று ராத்திரி ரூமில் இட்லிப் பொடியை ரொட்டியில் தூவித் தின்றுகொண்டே, இதற்காகவா அக்கா கல்யாணத்தை விட்டு வந்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கல்யாண நாள். அதிகாலையிலேயே வந்துவிட்டேன். வெறும் சில்லை அளக்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. ஆனால் இருக்கிற நேரத்தைச் சும்மா கிடக்கிற சில்லுக்கா செலவழிப்பது, கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். மார்ட்டினுக்கு வேறு வேலை இருந்ததால் நானே சில்லைப் பொருத்தினேன். அவர்கள் கொடுத்த கையுறை என் கைக்குச் சாக்குப்பை மாதிரி இருந்தது. திருகாணியோ எள்ளளவு. கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பதற்றம் வந்தால் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு உருவிக்கொண்டே இருப்பேன். அன்று காலையிலிருந்தே எனக்குப் பதற்றம்தான். இந்நேரம் அக்காவுக்குத் தலை பின்னுவார்கள், இந்நேரம் சேலை கட்டியிருப்பார்கள் என்று மனசு ஆம்பூரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பின்னலை உருவுவேன், திருகாணியைத் திருகுவேன், சில்லை நகர்த்துவேன், மறுபடி பின்னல்.

சட்டைப் பையில் போன் கார்டு இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் சர்ச் முடிந்துவிடும். ஒரு தடவை ஓட்டிவிட்டுப் போய்ப் பேசலாம் என்று கதிரைத் திறந்தேன்.

திரையில் இரண்டு முகடுகள் எழுந்தன. ஒட்டகத்தின் முதுகில் இரண்டு ஊசியைக் குத்தி வைத்தது மாதிரி.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். சில்லைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினேன். இருபத்தைந்து டிகிரி வாக்கில் இரண்டும் கரைந்து காணாமல் போயின. குளிர வைத்தேன். திரும்ப வந்தன. அடுத்த சில்லைப் பொருத்தினேன். அதிலும் அதே. அதற்கடுத்ததிலும். நம் ஊர் வெயிலில் ஒழுங்கில்லை, குளிரில் ஒழுங்கு வருகிறது! பூச்சு விறைப்பது இதனால்தான்! விரிசல் இதனால்தான்! ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, அத்தனை தோல் கம்பெனிகளின் தலைவலியும் என் கண் முன்னால் திரையில் நின்றுகொண்டிருந்தது.

மார்ட்டின் வந்து பார்த்தார். தாடியைத் தடவினார். "ஒன்று, இது பெரிய விஷயம். இல்லாவிட்டால் அழுக்கு" என்றார்.

இவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கையுறை போட்டுப் பொருத்திய நான்கு சில்லுகளில் ஒன்றும் வரவில்லை, நான் பொருத்திய எல்லாவற்றிலும் வருகிறது. இதிலிருந்து எந்தக் குழந்தையும் ஒரு முடிவுக்கு வந்துவிடும். நானும் வந்தேன். அந்த நான்கும் சரியாகத் தயாரிக்கப்படாத சில்லுகள் என்று எழுதி ஒதுக்கிவைத்தேன்.

தலையை நிமிர்த்தியபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

போனுக்கு ஓடினேன். மாப்பிள்ளையின் தம்பி எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்.

"அக்கா கிளம்பிட்டாம்மா" என்றார் அப்பா. பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. "மாப்ள வூட்டுக்குப் போயாச்சி."

"கேக்..."

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அப்பால சர்ச் ஆயர் டைம் ஆகுதுன்னாரு. வெட்டிட்டா."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "அப்பா, நான் கண்டுபிடிச்சிட்டேன்ப்பா!" என்றேன்.

"இன்னாத்த?"

"விரிசல் ஏன் வருதுன்னு!"

அந்தப் பக்கம் யாரிடமோ பாத்திரங்களை எண்ணி வைக்கச் சொன்னார். அப்புறம், "அப்படியாம்மா. சாப்ட்டியா?" என்றார்.

கடைசி நாளும் அந்த முகடுகளின் பின்னாலேயே போய்விட்டது. நான் ஊர் திரும்புவதற்குள் அக்காவும் மாப்பிள்ளையும் மஸ்கட் கிளம்பிவிட்டார்கள். கல்யாண வீடியோவை நான் தனியாகத்தான் போட்டுப் பார்த்தேன். கேக்குக்குப் பின்னால் அக்கா வெள்ளைப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அந்த செல்போன். வீடியோக்காரர், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்கிறார். கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்து போனைப் பார்க்கிறாள். யாரோ ஒரு அத்தை, "எங்கடி உன் தங்கச்சி?" என்று கேட்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. டி.வி.யை அணைத்துவிட்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறோமே, அதற்கு முன்னால் ஒரு போன் தவறியது பெரிதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஸ்கட்டுக்கு போன் போட்டபோது அக்காவும் அதையேதான் சொன்னாள். "பரவால்லடி. அதுக்காகவாவது ஆச்சே."

கைடு என் வரைபடங்களைப் பார்த்ததும் காமாலை பாதி இறங்கிவிட்டது. வெறும் சில்லை அளந்தாயா என்று கேட்டார். நேரம் இல்லை சார் என்றேன். சந்தோஷத்தில் அவரும் விட்டுவிட்டார். விஷயம் அப்பாவின் முதலாளி காதுக்குப் போனது. அவர் மூலமாக மற்ற கம்பெனிக்காரர்களுக்கும். ஆம்பூரிலேயே ஒரு கருத்தரங்கு ஏற்பாடானது. பேனரில் என் பெயர்.

மண்டபத்தில் கம்பெனி முதலாளிகள், மேனேஜர்கள், கல்லூரி ஆட்கள், சென்னையிலிருந்து சில விஞ்ஞானிகள். அப்பா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில், முதலாளிக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்கப்பட்டிருந்தார். வாழ்நாளில் அவர் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். அம்மாவும் வந்திருந்தாள். நான் அரை மணி நேரம் பொளந்து கட்டினேன். குளிர் நாட்டு விரிசலின் ரகசியம் இதோ இந்த இரண்டு முகடுகளில் இருக்கிறது என்று குச்சியால் திரையைத் தட்டி முடித்தேன். நல்ல கைதட்டல்.

"கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்றார் கைடு.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். நரைத்த தலை, கைத்தறிச் சேலை. எண்ணெய், கொழுப்பு பற்றி ஆராய்ச்சி செய்பவராம். "கடைசிப் படத்தை மறுபடி போடும்மா" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இந்த ரெண்டு முகடும் எனக்குத் தெரிஞ்ச முகமா இருக்கே. உங்க பூச்சுல கொழுப்பு ஏதாவது உண்டா?"

"இல்லீங்க மேடம்."

"மெழுகு?"

"இல்லீங்க மேடம். சுத்தமா கிடையாது."

"சில்லை யார் மாட்டினது?"

"நான்தான் மேடம். எல்லாமே என் கையால." இதைப் பெருமையோடு சொன்னேன்.

"கையுறை?"

"அது... கொஞ்சம் பெரிசா இருந்திச்சி மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசம். "தப்பா நினைச்சுக்காதம்மா. தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிற?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. என் முடியைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "தேங்காய் எண்ணெய் மேடம்" என்றேன்.

"மார்கழி மாசம் உங்க வீட்ல அந்தப் பாட்டில் எப்படி இருக்கும்?"

மண்டபத்தில் முதலில் சிரித்தது பின்வரிசைதான். அப்புறம் நடு வரிசை. எனக்கு எல்லோருக்கும் கடைசியில்தான் புரிந்தது. இருபத்தைந்து டிகிரியில் உருகுவது, குளிர்ந்தால் உறைவது, உறைந்தால் ஒழுங்காக வரிசை கட்டி நிற்பது. நான் ஜெர்மனியில் தினமும் ஹீட்டர்மேல் வைத்து உருக்கியது. அத்தனை கோடி எலக்ட்ரான்களை ஓட விட்டு, உலகத்திலேயே பிரகாசமான எக்ஸ்ரேயால் நான் அளந்தது என் சொந்தத் தலை எண்ணெய். புரிந்த அந்த நொடியில் கீழே குனிந்து பார்த்தேன். என் வலது கை பின்னலின்மேல் இருந்தது.

சிரிப்பு அடங்கப் போகிற நேரத்தில் அப்பாவின் முதலாளி எழுந்தார். அவர் சிரிக்கவில்லை. மகளே என்று உருதுவில் கூப்பிட்டு, நிஜமாகவே சந்தேகம் கேட்டார். "பேட்டி, நான் படிக்காதவன், கோச்சிக்காத. அப்ப தோலுக்குத் தேங்கா எண்ணெய் போட்டா விரிசல் கம்மியாவுமா, ஜாஸ்தியாவுமா?"

மறுபடி மண்டபமே குலுங்கியது. அப்பா மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் கைடு ஒரே வாக்கியம் சொன்னார்: "வெறும் சில்லை அளக்கச் சொன்னேனேம்மா." வெறும் சில்லிலும் அதே முகடுகள் வந்திருந்தால், அவை பூச்சினுடையவை அல்ல என்று அங்கேயே தெரிந்திருக்கும். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சந்தோஷத்தில் தானும் வற்புறுத்தாமல் விட்டதை நினைத்தாரோ என்னவோ, பஸ் ஸ்டாண்டு பக்கம் தலையைக் குனிந்துகொண்டே நடந்து போனார்.

அம்மா ஷேர் ஆட்டோவில் போய்விட்டாள். அப்பா தன் டி.வி.எஸ். பிஃப்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் டீக்கடையில் நிறுத்தி இரண்டு டீ சொன்னார். பாதி குடித்த பிறகு, "முதலாளி ஒண்ணும் தப்பா எடுத்துக்கலம்மா. நல்ல மனுசன்" என்றார். அப்புறம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஸ்டெல்லாவுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அந்த மண்டபத்தில் நின்றபோதுகூட வரவில்லை. அதுக்காகவாவது ஆச்சே என்று சொன்னவளிடம், அதுவும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

நானே சொன்னேன். எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"இருடி" என்றாள். "நான் கேட்டது சரியான்னு பாக்கறேன். என் கல்யாணத்துக்கு வராம, பிளேன் ஏறிப் போய், நீ பாத்தது தேங்கா எண்ணெய்."

"ஆமாக்கா."

"அது நம்ம பாத்ரூம் ஜன்னல்லயே இருந்திச்சேடி!"

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். பக்கத்தில் மாப்பிள்ளை "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்கும் குரல் வந்தது. அவள் அப்படிச் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நானும் சிரித்துவிட்டு, "கோவம் இல்லையேக்கா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நீ போனது எனக்குக் கோவம் இல்லடி. போன்னு நான்தான சொன்னேன்" என்றாள். "போன் பண்ணியிருக்கலாம்."

அவள் வைத்த பிறகு, பூத்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

என் ஆராய்ச்சி இரண்டு வருடம் தள்ளிப்போனது. இன்னொரு தடவை கதிர் கேட்டோம், கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு சாதாரணக் கருவியில், கையுறை போட்டு, முடியைத் துணியால் கட்டிக்கொண்டு, வெறும் சில்லிலிருந்து ஆரம்பித்து மறுபடி செய்தேன். ஒட்டக முதுகுகள் பற்றி ஒரு சுமாரான ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினேன். விரிசல் பிரச்சினையை யார் யாரோ வேறு பிசின் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது குடியாத்தம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

ஆனால் பீம் டைம் என்ற சொல் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. யாராவது ஒரு விசேஷத்துக்கு வராவிட்டால் அதுதான் காரணம். "நாட்றம்பள்ளி சித்தப்பா ஏன் வரல?" "அவருக்கு பீம் டைம்." கடனுக்குப் பயந்து ஒளிந்தவர், சண்டையில் வராதவர், தூங்கிப்போனவர், எல்லோருக்கும் பீம் டைம். எங்கள் சர்ச்சில் ஆயரே ஒருமுறை பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அவருக்கு அது ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்று எண்ணம்.

அக்கா கல்யாணத்துக்கு ஐந்து வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் வந்தது. அக்கா அதற்குள் மஸ்கட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக்கொடுத்திருந்தாள். கடைசி வாரம் வார்டில் ஆள் இல்லை என்று லீவை வெட்டிவிட்டார்கள். சண்டை போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவள் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு மறுநாள் காலை. வீட்டு முன்னால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஆளைத் தாண்டி, பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் வருகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து விடிந்ததுமே வந்திருந்த நான் வாசலுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் சொல்வதற்கு அவள் அந்த பீம் டைமைத் தயாராக வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது. வெளியே வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம்.

மதியம், முந்தின நாள் பிரியாணியைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு முடித்ததும், "உன் கல்யாணச் சேலைய எடுத்துக் கட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"கட்டுடி."

அவள் தன் பெட்டியைத் திறந்தாள். அவளுடைய வெள்ளைப் பட்டு உள்ளே இருந்தது. ரவிக்கை இரண்டு பிள்ளை பெற்ற உடம்புக்கு ஏறவில்லை. முதுகுப் பக்கம் ஊக்குப் போட்டு இழுத்து மூடினேன். இரண்டு பேரும் அப்படியே ஆட்டோ ஏறி ஸ்டூடியோவுக்குப் போனோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர், "மாப்பிள்ளைங்க எங்கம்மா?" என்று கேட்டார். "அவங்க வேணாம். நாங்க ரெண்டு பேரு மட்டும்" என்றாள் அக்கா.

அந்தப் படம் அம்மா வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, "ரெண்டு பொண்ணுக்கும் ஒரே நாள்ல கல்யாணமா சார்?" என்று கேட்கிறார்கள்.

"ஆமாங்க" என்பார் அப்பா. "நடுவுல அஞ்சு வருஷம் பீம் டைம்."

வந்தவர் புரிந்ததுபோலத் தலையாட்டுவார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் இன்றுவரை அதற்குச் சிரித்ததில்லை.